பூசணி விதை வைத்தியர்

தையல்காரருக்குச் சோறு போட்டது ஊசியும் நூலும்; பேர் வாங்கித் தந்தது மாடி அறையில் அவர் வளர்த்த பன்னிரண்டு காக்கட்டீல் கிளிகள். பறவை வளர்ப்போரின் வாட்ஸ்அப் குழுவில் அவருக்குக் 'கிளி டாக்டர்' என்றே பட்டம். குடற்புழுவா? பூசணி விதையையும் பப்பாளி விதையையும் பொடித்து, பூண்டுச் சாறு விட்டுத் தீனியில் பிசைந்து வையுங்கள் என்பார். "கடை மருந்து விஷம்ங்க. அந்தத் துளியூண்டு உடம்பு தாங்குமா?" என்று குழுவில் எத்தனையோ பேரோடு மல்லுக்கு நின்றிருக்கிறார்.

ஒருமுறை அவருடைய கிளிகளே மெலிந்தன. வயிறாரத் தின்றும் நெஞ்செலும்பு கத்திபோலத் துருத்தியது. ஒரு மாதம் பொடியைக் கொடுத்துப் பார்த்தார். இரண்டு செத்தன. மூன்றாவது கூண்டின் தரையில் சுருண்டதும், வீம்பை மூட்டை கட்டிவிட்டு, நான்கு தெரு தள்ளியிருந்த பறவை மருத்துவரம்மாவிடம் ஓடினார். அந்த அம்மா எச்சத்தை நுண்ணோக்கியில் வைத்துப் புழு முட்டைகளைக் காட்டினார். ஒவ்வொன்றாக எடை பார்த்துச் சொட்டு மருந்து கொடுத்தார். மீதிப் பத்தும் பிழைத்தன.

"எப்படித் தேறிச்சு டாக்டரே?" என்று குழுவில் கேட்டார்கள். உண்மையை எழுதத்தான் நினைத்தார். விரல் வேறு எழுதியது: "எல்லாம் நம்ம பூசணி விதைதான்." கைதட்டல் படங்கள் வந்து குவிந்தன.

அதே குழுவில்தான் அவர் தங்கையும் இருந்தாள். தனியாக இருந்த அவளோடு வீட்டில் வாயாடும் ஒரே ஜீவன் ஒரு சாம்பல் கிளி. ஆறு வாரம் கழித்து அவள் போன் செய்தாள்.

"அண்ணா, என் கிளியும் மெலிஞ்சுதுன்னு நீ சொன்ன பொடிய ஒரு வேளை தவறாம குடுத்தேன். இன்னிக்குக் கண்ணையே திறக்க மாட்டேங்குது."

இருவரும் அதே மருத்துவரம்மாவிடம் போனார்கள். தையல்காரரைப் பார்த்ததும் அந்த அம்மா சிரித்தார். "வாங்க. நான் குடுத்த புழு மருந்துல உங்க பத்தும் நல்லாத் தேறிடுச்சா?"

தங்கை திரும்பிப் பார்த்தாள். தையல்காரர் முகத்தில் ஈயாடவில்லை.

கிளிக்கு மருந்து கொடுத்துவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தபோது அவள் மெதுவாகக் கேட்டாள்.

"உன்னோடதுக்கு மருந்து, என்னோடதுக்குப் பொடியாண்ணா?"

"அப்படியில்லம்மா..."

"பேர் கெட்டுடும்னு குழுவுல சொல்லல, சரி. எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாம்ல?"

அவள் கத்தவுமில்லை, அழவுமில்லை. நாலு பேர் முன்னால் ஏசியிருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார்.

கிளி பிழைத்தது. நடந்ததையெல்லாம் மறுநாள் அவர் குழுவில் ஒளிக்காமல் எழுதினார். சிலர் திட்டினார்கள், ஒருவர் மட்டும், "சரிங்க டாக்டரே, பப்பாளி விதை எத்தனை ஸ்பூன்?" என்று கேட்டார். தையல்காரர் தலையில் அடித்துக்கொண்டு, தன்னிடம் பொடி கேட்டிருந்த ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டார்.

கடைசியாக எடுத்தவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர்.

"என்னோட கிளி ஜோடி போயிடுச்சுப்பா, போன வாரமே."

"என்னாலதாங்க. நான் பொய் சொல்லிட்டேன்."

 "குழுவுல படிச்சேன்," என்றார் டிரைவர். "கடைசி வரைக்கும் நல்லா சாப்பிட்டுச்சுப்பா. அதான் தேறிடும்னு நினைச்சுட்டோம்."

வயிறாரத் தின்றுகொண்டே மெலிந்து செத்த தன் இரண்டு கிளிகளும் தையல்காரரின் கண்முன் வந்தன.