பியாட்ரிஸ் சொன்னது

சுரங்கச் சங்கு ஊதியதும் எழுந்தேன். முகம் கழுவினேன். அடுப்பு மூட்டினேன். காப்பிக்கு ஒரு தம்ளர் தண்ணீர் வைத்தேன். முதல் வாரம் இரண்டு தம்ளர் வைத்து ஒன்றைக் கொட்டினேன். இப்போது கை பழகிவிட்டது. ரசம் போன கண்ணாடியின் முன் நின்று சவரம் செய்துகொண்டேன். ஞாயிற்றுக்கிழமை, மில் ஆபீஸ் இல்லை. கறுப்புக் கோட்டைத் தட்டி மாட்டினேன். நேற்று உபதேசியார் விட்டுப்போன காகிதத்தை நான்காக மடித்து உள்பையில் வைத்தேன்.

பியாட்ரிஸ் இறந்து இருபத்தேழு நாள் ஆகிறது.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. இறந்தவர் கடைசியாகச் சொன்னதை எழுதி, வீட்டார் கையெழுத்து வாங்கி, ஞாயிறு ஆராதனையில் வாசிப்பார்கள். பிறகு அது மிஷன் மாதப் பத்திரிகையில் அச்சாகும். மரண சாட்சி என்று பெயர். சுரங்கத்தில் பாறை சரிந்து ஒரு சொல்லும் சொல்லாமல் செத்தவர்களுக்கும் எப்படியோ ஒரு சாட்சி கிடைத்துவிடும். அது இல்லாத சாவைச் சபை குறைச் சாவாகப் பார்க்கும்.

1906 கிறிஸ்துமஸ் லீவில் நாங்கள் இருவரும் ஐந்து நாள் சைக்கிளில் போனோம். என்னுடையது சீமைக்குத் திரும்பிய ஒரு சர்வேயர் துரையிடம் வாங்கியது. அவளுடையது பெங்களூர் கண்டோன்மெண்ட் ஏலத்தில் எடுத்தது, நடுக்கம்பி இல்லாத பெண்கள் சைக்கிள். அவள் மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மா. பள்ளி மைதானத்தில் பெரிய பெண்கள் ஆறு பேருக்கு அதில் ஓட்டவும் கற்றுக்கொடுத்து வந்தாள். சேலை சங்கிலியில் மாட்டாதபடி கொசுவத்தைக் கணுக்காலுக்கு மேல் ஊக்கு குத்திக்கொண்டாள். முதல் நாள் பேத்தமங்களா ஏரிக்கரை. அவ்வளவு தண்ணீரைப் பார்த்ததும் கால் ஊன்றி நின்றுவிட்டாள். "நம்ம குழாயில சொட்டறது இதுவா?" என்று கேட்டாள். துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி நிமிர்ந்து, "இன்னாம்மா, ஊட்டுக்காரர தொரத்திகினு போறியா?" என்றாள். "இல்லக்கா, அவருதான் என்ன தொரத்தறாரு. ரெண்டு வருசமா புடிக்க முடியல" என்றாள் இவள். கரை முழுக்கச் சிரித்தது. மறுநாள் ராமசாகரம். பிறகு கேழ்வரகு அறுத்த காடுகளின் ஊடே கோலார். கோலாருக்கு முன்னால் ஒரு மேடு வருகிறது. செம்மண், உருண்டைப் பாறைகள், ஒதுங்க ஒரு மரம் கிடையாது. பாதியில் நான் இறங்கித் தள்ளினேன். அவள் இறங்கவில்லை. நான் மேலே போய்ச் சேர்ந்தபோது பாறையில் உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். "மெதுவா வாங்க, மல எங்கியும் ஓடிடாது" என்றாள். பௌரிங்பேட் வழியாகத் திரும்பினோம்.

திரும்பிய ஒன்பதாம் நாள் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. அதே வாரம் எங்கள் லைன் வீடுகளில் இன்னும் ஆறு பேர் படுத்தார்கள். அவர்களில் ஒருவரும் சைக்கிளைத் தொட்டதில்லை. டாக்டர் லைன் கோடியில் இருந்த கிணற்றைக் குற்றம் சொன்னார். சபை சைக்கிளைச் சொன்னது. பள்ளி மைதானத்தில் இப்போது யாரும் ஓட்டுவதில்லை. சாட்சி அச்சாகிவிட்டால் இனி எப்போதும் ஓட்டமாட்டார்கள்.

நேற்று மாலை உபதேசியார் எட்மண்ட் ஐயா வந்தார். கூடவே பியாட்ரிஸின் அம்மா தங்கம்மா. உபதேசியார் காகிதத்தை மேசையில் விரித்தார். அழகான கையெழுத்து. 'சைக்கிள் என்னும் வீண் ஆடம்பரத்துக்காக மனம் வருந்தினேன். சபையின் பெண்பிள்ளைகளே, என்னைப் பார்த்துப் புத்தி அடையுங்கள். இதோ, என் மேல்வீட்டுக்குப் போகிறேன்.' கீழே என் கையெழுத்துக்கு ஒரு கோடு.

"வருந்தினேன்னு அவ சொல்லலையே, ஐயா" என்றேன்.

"வாயால சொல்லாட்டி இன்னா தம்பி, மனசுல இருந்திருக்காதா?"

"அவ மனசு உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க அங்க இல்ல."

"அம்மா இருந்தாங்களே."

தங்கம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். "நான் அடுப்பாண்ட கஞ்சி வடிச்சிகினு இருந்தேன், மாப்ள. என் மேல்வீடுன்னு சொன்னா. என் காதால கேட்டேன். மேல்வீடுன்னாளே!"

அவர் முகத்தைப் பார்த்தேன். இத்தனை நாளும் அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டுதான் அவர் தூங்கியிருக்கிறார். அது எனக்குத் தெரியும். ஆனால் அவள் சொன்னது வேறு, அடுப்படியில் இவர் காதில் அது மேல்வீடு என்று விழுந்திருக்கிறது. மற்ற இரண்டு வரியை மட்டும் அடித்துவிட்டு இதை விட்டுவிடலாம் என்றும் தோன்றியது. விட்டால் பியாட்ரிஸ் சொன்னது இல்லாமலே போய்விடும். கேட்டவன் நான் ஒருவன்தான்.

பேனாவை எடுத்து மூன்று வரியையும் அடித்தேன். கீழே அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதினேன். கையெழுத்துப் போட்டேன்.

உபதேசியார் இரண்டு தடவை படித்தார். "இத எப்படி தம்பி சபையில படிக்கிறது? சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். நான் படிக்கிறேன்."

"காலேஜ் படிச்ச திமிரு" என்று சொல்லிக் காகிதத்தை அங்கேயே விட்டுவிட்டு எழுந்து போனார். தங்கம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அதில் என்ன இருக்கிறது என்று என்னைக் கேட்கவும் இல்லை.

கோயிலில் ஆண்கள் பக்கம் பெஞ்சு, பெண்கள் பக்கம் பாய். தங்கம்மா முன்வரிசையில் இருந்தார். பள்ளிக்கூடப் பெண்கள் ஜன்னல் ஓரம். அந்த மாதம் இறந்த மூன்று பேருக்குச் சாட்சி வாசித்தார்கள். மூவரும் ஒரே மாதிரி பேசியிருந்தார்கள். நான்காவது பெயர் வரவில்லை. உபதேசியார் பாட்டு எண்ணைச் சொல்ல வாயெடுத்தார். நான் எழுந்தேன்.

"உக்காருப்பா பர்னபாஸு" என்று மில் ஆபீஸ் ஹரோல்ட் கோட்டைப் பிடித்து இழுத்தான். கையை எடுத்துவிட்டேன். உபதேசியார் தலையை ஆட்டி ஆட்டி வேண்டாம் என்றார். காகிதத்தை விரித்தேன்.

"இது என் மனைவி பியாட்ரிஸ் கடைசியாகச் சொன்னது" என்றேன். "நான் அவள் தலையைத் தாங்கிக்கொண்டிருந்தேன். காய்ச்சல் இறங்கியிருந்தது, நல்ல நினைவோடு இருந்தாள். வேறொன்றும் சொல்லவில்லை."

தங்கம்மா நிமிர்ந்து பார்த்தார். நான் படித்தேன்.

"அதெல்லாம் இன்னா மேடு! அடுத்த வாட்டி முளுபாகல் மலப்பக்கம் போலாங்க."