சபலம் என்றொரு சொல்

ஒரு நாளைக்கு எழுநூறு மில்லி. காப்பி, ரசம், மாத்திரைக்கான தண்ணீர் எல்லாம் அதற்குள் அடக்கம். ரெங்கநாயகி காலையிலேயே பாட்டிலில் அளந்து வைத்துவிடுவாள். கணவர் ரெங்கராஜன் ஓய்வு பெற்ற சமஸ்கிருத வாத்தியார்; இரண்டு சிறுநீரகமும் கைவிட்ட மனிதர். இரண்டு பக்கமும் ஆறு ஓடும் ஸ்ரீரங்கத்தில் நாக்கு வறண்டு உட்கார்ந்திருந்தார்.

அப்படியும் தில்லைநகரில் டயாலிசிஸுக்குப் போகும்போதெல்லாம் எடை மூன்று கிலோ ஏறியிருந்தது.

"ஐயா எங்கேயோ தண்ணி குடிக்கிறாருங்க மாமி. இப்படியே போனா இதயம் தாங்காது," என்றார் டெக்னீஷியன் சேக் மைதீன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் ரெங்கநாயகி பிடித்துக்கொண்டாள். "எழுபது வயசுல என்ன சபலம் உங்களுக்கு?"

வாத்தியாருக்கு ஒரு சொல் கிடைத்தால் போதாதா? "சபலம்னா மொதல்ல ஆசையே இல்லைடி. சமஸ்கிருதத்துல ஆடறது, ஒரு இடத்துல நிக்காததுன்னு அர்த்தம். மின்னலுக்கு அந்தப் பேர் உண்டு. மகாலக்ஷ்மிக்கே உண்டு. மனசு ஆடறதைத் தப்புன்னு ஆக்கினது அப்புறம்தான்."

"மின்னல் ஆடினா யாருக்கும் மூச்சு முட்டறதில்லை," என்றாள்.

மறுநாள் பூஜை அறையில் பிடிபட்டார். சாளக்கிராமத்துக்குத் திருமஞ்சனம் ஆன தீர்த்தத்தைச் சொம்போடு தூக்கிக் குடித்துக்கொண்டிருந்தார். அவளுக்குக் கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது. ரசத்தைக்கூட அளந்தவள், தீர்த்தத்தைத் தண்ணீர் என்று நினைக்கவே இல்லை. தீர்த்தத்தை யார் அளப்பார்கள்?

அன்று முதல் அதையும் அளந்தாள். திருமஞ்சனத்துக்குச் சின்ன உத்தரணிக் கரண்டியால் நாலே நாலு.

"பெருமாளுக்கே ரேஷனா?" என்று சிரித்தார். பிறகு தண்ணீர் கேட்பதையே விட்டுவிட்டார். எடை இறங்கியது. சேக் மைதீன் பாராட்டினார். ஜெயித்துவிட்டதாகவே நினைத்தாள், பாவி.

பதினேழாம் நாள் காலை மார்பைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். "கொஞ்சம் தண்ணி," என்றார்.

"ஆம்புலன்ஸ் வந்துடட்டும், பொறுங்கோ."

பொறுத்தார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் அடங்கிவிட்டார்.

கூடத்தில் கிடத்தியிருந்தவர் வாயில் உறவுக்காரர்கள் ஒவ்வொருவராகத் தீர்த்தம் விட்டார்கள். கடைவாயில் வழிந்தது. தன் முறை வந்தபோது ரெங்கநாயகி உத்தரணியைக் கீழே வைத்துவிட்டுச் சொம்பையே கவிழ்த்தாள். வேட்டியும் பாயும் நனைந்தன.

"போதும் மன்னி," என்று மைத்துனர் கையைப் பிடித்தார்.

"அவருக்குப் போதலை," என்றாள். "ஒருநாளும் போதலை."