கூரையில்லாத கோட்டையும் ஒரு காகமும்

சாம்பவியின் கலியாணக் கார்ட் அச்சேற ஒரே தடை அம்மாதான். பாரிஸின் கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பின்பக்கம், தவரத்தினத்தின் அச்சுக்கடையில், சாரதாதேவி கணினித் திரையை முறைத்தபடி நின்றார்.

“கூரையில்லாத வீட்டைக் கலியாணக் கார்ட்டிலை போடுறதோ? சனம் சிரிக்கும்.”

“வீடில்லை அம்மா, கோட்டை. அயர்லாந்திலை ஐந்நூறு வருசமா நிக்குது. எரிக் அங்கை வச்சுத்தான் என்னைக் கலியாணத்துக்குக் கேட்டவர்.”

“அந்தப் பாண்டிச்சேரிப் பெடியனுக்குக் கூரையுள்ள இடம் ஒண்டும் கிடைக்கேல்லையோ?”

தவரத்தினம் சிரிப்பை இருமலாக்கினார். “அக்கா, வேணுமெண்டால் ரண்டு மயிலைப் போட்டு மறைச்சு விடுறன்.”

மயிலா! இந்த லா சப்பல் தமிழ்க்கடைகளில் அடிக்கிற கார்ட்டெல்லாம் மயில்தான். சாம்பவி கடைசி அஸ்திரமாக, கோட்டையடித் தேநீர்க்கடைக்காரர் சொன்ன கதையை எடுத்துவிட்டாள்.

“கேளுங்கோ அம்மா. மகளின்ரை கலியாணத்திலை, பசியெண்டு வந்த கிழவியை இந்தக் கோட்டைக்காரன் துரத்திப் போட்டானாம். ‘நீயும் ஒருநாள் சாப்பாட்டுக்குக் காத்து நிப்பாய்’ எண்டு சொல்லிப்போட்டு அவள் போயிட்டாளாம். பிறகு சண்டை வந்து, பீரங்கி அடிச்சுக் கூரை போச்சு, அவனும் செத்தான். அண்டு தொடக்கம் காகமா வந்து யன்னலிலை குந்துறானாம். அந்த ஊரிலை கலியாணமெண்டால் முதல் துண்டு கேக் காகத்துக்குத்தான். அது கொத்தாமல் ஆரும் வாயிலை வைக்க மாட்டினம்.”

சாரதாதேவி திரும்பினார். “வெள்ளைக்காரரோ? காகத்துக்குப் படைக்கினமோ?”

“ஓம். நான் எரிக்குக்கு ஓம் எண்ட நேரம் ஒரு காகம் வந்து எங்கடை சாண்ட்விச் பாணைக் கொத்திக்கொண்டு போய் யன்னலிலை இருந்தது. அப்ப எடுத்த படம்தான் இது.”

அப்பா காலமாகி மூன்று வருடம். சனிக்கிழமைதோறும் எபினே புறநகர் வீட்டுப் பால்கனியில் சாரதாதேவி அவரை நினைத்துக் காகத்துக்குச் சோறு வைப்பார். புறாக்கள் கூட்டமாய் வந்து துடைத்துவிட்டுப் போகும். காகம் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை.

“இஞ்சை நான் புறாவுக்குச் சோறு போடுறன், அந்தாள் அங்கை போய்ப் பாண் தின்னுது! மகளின்ரை விசயமெண்டவுடனை பறந்திட்டுது, பார்.”

மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையருகே குனிந்தார். “எங்கை காகம்?”

சாம்பவியும் தேடினாள். யன்னல் வெறுமையாக இருந்தது.

“அதையோ?” தவரத்தினம் நெஞ்சை நிமிர்த்தினார். “கலியாணக் கார்ட்டிலை காகம் என்னத்துக்கு எண்டு நானே துடைச்சு விட்டன். அடையாளமே தெரியாது, பாருங்கோ!”

“என்ரை மனுசனைத் துடைச்சுப் போட்டீரோ!”

தவரத்தினம் பதறிப்போய் மூலப்படத்தைத் தேடி எடுத்தார். காகம் யன்னலில் மறுபடி குந்தியது.

“கொஞ்சம் பெருப்பியும்.”

பெருப்பித்தார்.

“இன்னும்.”

“அக்கா, பிறகு கோட்டைக்கு மேலாலை போயிடும்.”

“போகட்டும்,” என்றார் சாரதாதேவி. “கூரைதான் இல்லையே.”