மானியப் படத்தில் ஒரு கை

இந்தக் காலத்து ஆட்களுக்கு முகத்தைக் காட்டுவதில் கூச்சமே கிடையாது. பல் தேய்த்தால் ஒரு படம், பஸ் ஏறினால் ஒரு படம். எவனோ போன் பண்ணிக் கேட்டான் என்று முகம், கைரேகை, வீட்டு வாசல் எல்லாவற்றையும் எடுத்து அனுப்பிவிட்டு, பிறகு ஏமாந்துவிட்டோம் என்று மூக்கைச் சிந்துகிறார்கள். வெல்டர் அந்த ரகம் இல்லை. நாற்பது வருஷம் கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று இரும்பைப் பற்றவைத்தவர். வெறுங்கண்ணால் எதையும் பார்க்கக் கூடாது என்பது தொழில் கொடுத்த புத்தி. போகப் போக மனிதர்களையும் அப்படியே பார்த்துப் பழகிவிட்டார்.

அன்று காலை சோலார் மானியம் கொடுக்கும் அலுவலகத்தில் வரிசையில் நின்றது நியாயம் கேட்க. கையில் ஒரு துணிப்பை. பைக்குள் மனைவியின் இறப்புச் சான்றிதழ். அவள் போய் நாற்பத்தொரு நாள் ஆகியிருந்தது.

"உங்க ஆபீஸ்காரங்க இழுத்தடிச்சதுலதான் என் பொண்டாட்டி செத்துப்போனா." துக்கம் கேட்க வந்தவர்கள், சலூன்காரர், பக்கத்து வீட்டு டிரைவர் என்று ஒருத்தர் விடாமல் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி இந்த வார்த்தை அவர் வாயில் தேய்ந்து வழுவழுப்பாகியிருந்தது. அதை இன்றைக்குச் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லிவிட வேண்டும்.

கிளம்பும்போது மகள் வாசல்வரை வந்தாள். மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை பார்ப்பவள். சம்பளத்தின்மேல் கடன் வாங்கிச் சோலார் போட்டவள் அவள்தான்.

"அப்பா, அங்க போய் சண்டை போடாதீங்க. இந்த மாசத்துக்குள்ள ஃபைல் நகரலேன்னா மானியம் போயிடும். நான்தான் கட்டிட்டுக் கிடக்கணும்."

"நான் எங்க சண்டை போட்டேன்? கேள்வி கேட்டா சண்டையா?"

"நீங்க கேக்கறது கேள்வி மாதிரியா இருக்கு?"

மனைவி தையல்காரி. முப்பது வருஷம் பஞ்சும் நூல்தூசியும் உள்ளே போய் நுரையீரல் சுருங்கிவிட்டது. ஆக்ஸிஜன் மெஷின் இல்லாமல் முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சின்னப் பெட்டி அளவில் ஒரு மெஷின், மூக்குக்கு ஒரு குழாய். ஆனால் கரண்ட் இருந்தால்தான் அது மூச்சு விடும். கரண்டோ மத்தியானம் ஆனால் போய்விடும். அதனால்தான் மகள் ஓடியாடி விண்ணப்பம் போட்டாள். கூரைமேல் தகடு, சுவரில் பேட்டரி. போட்டு முடித்தால் அரசாங்கம் பாதிப் பணத்தைத் திருப்பித் தரும். மீட்டர் மனைவியின் பேரில் இருந்தது. தையல் காசில் அவள் வாங்கிய இணைப்பு. அதனால் விண்ணப்பமும் அவள் பேரில்தான்.

தகடு மாட்ட வந்தவர் ஒரு வழுக்கைத் தலை சோலார்காரர். வெல்டர் அவர் பின்னாலேயே கூரையேறி, தாங்கியைத் தட்டிப் பார்த்தார்.

"இத எவன் பத்தவச்சான்? எச்சில் துப்பின மாதிரி இருக்கு."

"கம்பெனில வர்றதுண்ணே."

"கம்பெனிக்கு எச்சில் ஜாஸ்தி போல."

தாங்கியின் ஒரு காலை அறுத்துத் திரும்ப அவரே பற்றவைத்த பிறகுதான் கீழே இறங்கினார்.

எல்லாம் மாட்டியாயிற்று. கடைசியாக ஒன்றே ஒன்று பாக்கி. இணைப்பு யார் பேரில் இருக்கிறதோ அவர் பேட்டரி பக்கத்தில் நிற்க வேண்டும், முகம் தெரியப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். அலுவலகம் சரி என்றால்தான் சுவிட்சில் கட்டிய சிவப்புக் கம்பியை அறுத்து ஓடவிடலாம்.

அவள் நீலக் கம்பளிச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டாள். தலை வாரினாள். மூக்குக் குழாயைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினாள். பேட்டரிமேல் ஒரு கையை வைத்து, ஸ்டுடியோவில் நிற்பவள்போல நின்றாள்.

"ஏங்க, முடி சரியா இருக்கா?"

வெல்டர் முடியைப் பார்க்கவில்லை. சோலார்காரரைப் பார்த்தார்.

"இந்தப் படம் எங்க போகுது?"

"ஆபீஸுக்குண்ணே."

"ஆபீஸ்லருந்து?"

"அது எனக்கெப்படித் தெரியும்?"

அது போதும் அவருக்கு. வீடு, மீட்டர் நம்பர், வீட்டுக்காரி முகம், மூன்றும் ஒரே படத்தில் இருந்தால் நாளைக்கு எவனாவது வீட்டையே விற்றுவிட மாட்டானா? விசாரித்துவிட்டுச் சொல்கிறேன், எடுக்காதே என்று பாய்ந்தார். அதற்குள் போனில் 'டிக்' என்று சத்தம் கேட்டுவிட்டது. "எடுத்தாச்சு, இதையே அனுப்பிப் பாக்கறேன்" என்று சோலார்காரர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். ஆக, படம் போய்விட்டது. அது வெல்டருக்கு நிச்சயம். காதால் கேட்டாரே.

பதினோரு நாள் ஒரு பதிலும் இல்லை. பன்னிரண்டாம் நாள் மத்தியானம் கரண்ட் போனது.

"பத்து நிமிஷத்துல வந்துடும், பொறு" என்றார். அவள் தலையாட்டினாள். பத்து நிமிஷம் போய் இன்னொரு பத்து நிமிஷமும் போனது. வெளியே தகடுகள்மேல் வெயில் கொட்டிக் கிடந்தது. அவள் பேட்டரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெல்டர் கட்டரை எடுத்து வந்து சிவப்புக் கம்பியை அறுத்து சுவிட்சைப் போட்டார். பேட்டரியின் சின்னக் கண்ணாடியில் எழுத்து வந்து ஏதோ எண் கேட்டது. எந்த எண்? தெரிந்த எண்ணையெல்லாம் அழுத்தினார். தன் பழைய பட்டறை நம்பரைக்கூட அழுத்திப் பார்த்தார்.

மருத்துவமனையில் இரண்டு நாள் இருந்தாள். அவங்க நுரையீரல் ஏற்கெனவே முடிஞ்சுபோனதுதான் என்றார் டாக்டர். வெல்டர் அதையும் நம்பவில்லை.

முந்தாநாள் சோலார்காரர் மறுபடி வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒரு யோசனை சொன்னார். "அண்ணியோட தங்கச்சி அதே சாடைதானேண்ணே? அந்த நீலச் சட்டையப் போட்டு ஒரு நிமிஷம் நிக்கச் சொல்லுங்க. வேற படம் அனுப்பிடலாம்."

"அவ நின்ன இடத்துல இன்னொருத்திய நிறுத்தச் சொல்றியா?"

"மானியத்துக்குத்தாண்ணே."

"முதல்ல எடுத்தது என்னாச்சு?"

சோலார்காரர் தரையைப் பார்த்தார். "சரியா விழல. விடுங்கண்ணே."

ஏன் சரியாக விழவில்லை? அதைக் கேட்கத்தான் வெல்டர் வரிசையில் நின்றார்.

ஜன்னலுக்குப் பின்னால் ஒரு நடுவயது அம்மாள், மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். வெல்டர் தன் வார்த்தையைச் சொன்னார். வரிசை திரும்பிப் பார்த்தது. குமாஸ்தா அம்மாளுக்குக் கோபம் வரவில்லை. கையைத் துடைத்துவிட்டு விண்ணப்ப எண்ணை வாங்கித் தட்டினாள். கண்ணாடியை இறக்கிக்கொண்டு படித்தாள்.

"படம் வந்த அன்னைக்கே பாத்திருக்கோம் ஐயா. அன்னைக்கே திருப்பியும் அனுப்பியிருக்கோம். வேற படம் கேட்டு மூணு தடவை மெசேஜ் போயிருக்கு, அந்தம்மா நம்பருக்கு."

தெரியாத இடத்திலிருந்து மெசேஜ் வந்தால் திறக்கவே கூடாது என்று மனைவியிடம் சொல்லிவைத்திருந்தவர் அவர்தான்.

"எதுக்குத் திருப்பினீங்க?"

"முகம் தெரியல. கை மறைக்குது." திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

கீழ்ப்பாதியில் பேட்டரி. அதன்மேல் அவள் கை, ஊசி குத்திக் குத்திக் காய்ப்பேறிய விரலோடு. நீலச் சட்டை, கழுத்துவரை போட்ட பொத்தான்கள். முகவாய். உதட்டின் ஓரம், சிரிக்கத் தொடங்கிய இடம் மட்டும். அதற்குமேல் ஒரு உள்ளங்கை. கட்டைவிரலடியில் பிறை மாதிரி ஒரு பழைய தீக்காயம்.

"இது யார் கைன்னு தெரியுமா ஐயா?"

வெல்டர் வலது கையைத் துணிப்பைக்குள் விட்டுக்கொண்டார்.

அந்த அம்மாள் பையைப் பார்த்தாள். பிறகு மேஜையில் இருந்த பிஸ்கட்டைப் பார்த்தாள்.

"வேற படம் வேண்டாம் ஐயா. இறப்புச் சான்றிதழ் இருக்குல்ல? மறைச்சது வீட்டு ஆள் கைதான்னு ஒரு விளக்கம் எழுதிக் குடுத்தா, வாரிசு பேருக்கு மாத்தி அனுப்பிடலாம். நானே எழுதறேன், நீங்க கையெழுத்துப் போட்டாப் போதும். எதுக்கு மறைச்சாங்கன்னு மட்டும் ஒரு வரி வேணும்."

பின்னால் யாரோ இருமினார்கள். இல்லை, அது என் கை இல்லை என்று சொல்லிவிடலாம். சொன்னால் மகளின் சம்பளத்தில் வருஷக்கணக்காகப் பிடிப்பார்கள்.

"என் கைதான். எழுதிக்கோ."

"காரணம்?"

"நம்பலன்னு எழுது."

"யாரை ஐயா?"

"யாரையும்."

அவள் எழுதினாள். வெல்டர் பையிலிருந்து கையை எடுத்து, ஒவ்வொரு எழுத்தாகப் பற்றவைப்பதுபோலக் கையெழுத்துப் போட்டார்.

"ஏம்மா, அந்தப் படத்த ஒரு தாள்ல போட்டுத் தருவியா? அவ கடைசியா நின்னது அதுலதான்."

"ஃபைல்ல இருக்கறத வெளிய குடுக்கக் கூடாதுங்கய்யா" என்று சொல்லிக்கொண்டே அவள் ஒரு பொத்தானை அழுத்தினாள்.

மூலையில் பிரிண்டர் முனகத் தொடங்கியது. தாள் மேலிருந்து மெல்ல மெல்ல வந்தது. பாதி வந்திருக்கும். மின்விசிறி நின்றது, திரை அணைந்தது, பிரிண்டர் ஓய்ந்தது.

"சோலார் ஆபீஸ்லயே கரண்ட் இல்லயாம்!" என்று வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"எங்க கூரைக்கு இன்னும் சேங்ஷன் வரலீங்க" என்றாள் அந்த அம்மாள், பழகிப்போன குரலில்.

பிரிண்டர் வாயில் தாள் பாதியில் தொங்கியது. வெளியே வந்த பாதியில் இருந்தது உள்ளங்கை மட்டும். மனைவி உள்ளேயே நின்றுவிட்டாள்.

"உக்காருங்கய்யா. பத்து நிமிஷத்துல வந்துடும்."

வெல்டர் அந்த அம்மாளைப் பார்த்தார்.

"வராது" என்றார்.

"மானியம் வந்துடும் ஐயா, பொண்ணுகிட்டச் சொல்லுங்க. நான் பாத்துக்கறேன்."

"அதுவும் வராது."

துணிப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வரிசையை விலக்கிக்கொண்டு அவர் வெயிலில் இறங்கி நடந்தார். பத்து நிமிஷத்தில் வருவதாயிருந்தால் அன்றைக்கே வந்திருக்கும்.