அஞ்சல் முகவரி

பல்கலைக்கழகத்து வேதியியல் துறையில் அவளுக்குக் கண்ணாடியக்கா என்று பெயர். அவள் மூக்குக் கண்ணாடி போட்டவள் அல்ல. குடுவை, சோதனைக் குழாய், பியூரெட் என்று துறையில் இருக்கிற கண்ணாடிச் சாமான் அத்தனையும் அவள் பொறுப்பு. கழுவி, உலர்த்தி, எண்ணி அடுக்குவாள். பதினோரு வருஷ வேலை. எதை உடைத்துவிட்டு வந்து நின்றாலும் மாணவர்களை ஒரு வார்த்தை கடிந்ததில்லை. உடைகிற சத்தம் கேட்கும்போது மட்டும் தோளைக் குறுக்கிக்கொண்டு ஒரு கணம் அப்படியே நின்றுவிடுவாள். அது ஏன் என்று அங்கே யாரும் கேட்டதில்லை.

ஐந்து மாதத்துக்கு முன்பு, கணவன் வேலைக்குப் போன ஒரு காலையில், எட்டு வயது மகளையும் இரண்டு பைகளையும் தூக்கிக்கொண்டு அவள் வீட்டை விட்டு வந்துவிட்டாள். நகரத்தின் மறுகோடியில் ஒரு தையல் கடைக்கு மேலே ஓர் அறை கிடைத்தது. காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தாள். "மறுபடி ஏதாவது நடந்தா வாங்கம்மா" என்றார்கள். நடந்தால் வருவதற்கு உயிர் இருக்க வேண்டுமே என்று அவள் அங்கே சொல்லவில்லை.

அவன் பல்கலைக்கழக வாசலுக்கு இரண்டு தடவை வந்தான். காவலாளிகள் திருப்பி அனுப்பினார்கள். அதிலிருந்து அவள் ஒரு நாள் வந்த வாசலில் மறுநாள் வருவதில்லை. சாயங்காலம் மாணவர் கூட்டத்தோடு கூட்டமாகப் பின்வாசலில் இறங்கி, இரண்டு பஸ் மாறி வீட்டுக்குப் போவாள். வேலை எங்கே என்பது அவனுக்குத் தெரியும். வீடு எங்கே என்பது தெரியாது. அந்த ஒன்றைத்தான் அவள் கைக்குள் தீபம் போலப் பொத்தி வைத்திருந்தாள்.

வருஷக் கடைசியில் சம்பளப் பிரிவிலிருந்து மின்னஞ்சல்கள் வந்தன. முதல் நினைவூட்டல், இரண்டாம் நினைவூட்டல், கடைசி நினைவூட்டல். மூன்றையும் அவள் திறக்கவில்லை. சம்பள இணையதளத்தின் பழைய கடவுச்சொல் கணவனுக்குத் தெரியும். அவன்தான் வைத்துக் கொடுத்தான். மாற்றியாகிவிட்டது. ஆனாலும் அதைத் திறந்தால் எங்கோ உட்கார்ந்து அவன் பார்த்துக்கொண்டிருப்பான் என்று ஓர் எண்ணம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

ஒரு வியாழக்கிழமை, சாப்பாட்டு வேளைக்குக் கொஞ்சம் முன்னால், ரசாயனச் சேமிப்பறைக்காரர் போனைப் பார்த்தபடி வந்தார்.

"வருஷாந்திர வரிப் படிவம் வருதாம்க்கா. கம்ப்யூட்டர்ல எடுத்துக்கறேன்னு குறிச்சவங்களுக்கு அதுல. சோம்பேறிங்களுக்கெல்லாம் தபால்ல. நமக்கு வீடு தேடி வருது, ராஜ மரியாதை!"

"எந்த வீட்டுக்கு?" என்றாள் அவள்.

"உங்களோடது உங்க வீட்டுக்குத்தான். பின்னே என் வீட்டுக்கா வரும்?"

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். அவள் கையிலிருந்த குடுவையை ஈரத்தோடு வைத்துவிட்டு நிர்வாகக் கட்டடத்துக்கு நடந்தாள். பாதி வழியில் நடை ஓட்டமாகியிருந்தது.

சம்பளப் பிரிவில் நீண்ட வரிசை. கணக்கர் அம்மாளுக்கு ஐம்பத்தைந்து வயசிருக்கும். எதற்கும் அசையாத முகம். பல்கலைக்கழகமே அவரைக் கண்டால் ஓர் அடி தள்ளித்தான் நிற்கும். தன் முறை வந்ததும் தன் படிவம் எந்த முகவரிக்குப் போகும் என்று அவள் கேட்டாள். அவர் திரையைப் பார்த்தபடி சொன்னார்.

"உங்க முகவரிதான் மாத்தியிருக்கீங்களே. செப்டம்பர்ல காகிதத்துல எழுதிக் கொடுத்திருக்கீங்க."

"ஆமா மேடம். பொண்ணு ஸ்கூல்ல முகவரிச் சான்று கேட்டாங்கன்னு."

"அது குடியிருக்கற முகவரி. அஞ்சல் முகவரின்னு ஒரு கட்டம் தனியா இருக்கு. அது பழசுதான். உறை அங்க போகும்."

"உள்ளே இருக்கற படிவத்துல?"

"அதுல குடியிருக்கற முகவரிதான் அச்சாகும். கதவு எண், தெரு எல்லாம்." சொல்லிவிட்டுத்தான் கணக்கர் நிமிர்ந்து பார்த்தார். எதிரே நின்றவளின் உதட்டில் ரத்தமே இல்லை.

"மேடம், அந்த வீட்ல இருக்கறவருக்கு நான் எங்க இருக்கேன்னு தெரியக் கூடாது." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது போல இருந்தது. "தெரிஞ்சா கொன்னுடுவாரு."

கணக்கர் எழுந்தார். வரிசையில் நின்றவர்களைப் பார்த்து, "எல்லாரும் அப்புறம் வாங்க" என்றார். "என்ன மேடம், அரை மணி நேரமா நிக்கறேன்" என்று முனகிய பேராசிரியரை ஒரு பார்வை பார்த்தார். அவர் வாயை மூடிக்கொண்டார்.

தபாலறை கீழ்த்தளத்தில். லிஃப்டுக்குக் காத்திராமல் இருவரும் படியில் இறங்கினார்கள். நீலத் தட்டுகளில் வெள்ளை உறைகள் செங்கல் அடுக்கியது போல நின்றன. வேன் மூன்று மணிக்கு வரும் என்றார் தபாலறைக்காரர். மூன்று பேரும் தேடினார்கள். உறைகளின் ஓரம் கிழித்து அவள் விரலில் ரத்தம் வந்தது, அவள் கவனிக்கவில்லை. தன் பெயரைப் போலவே தொடங்கும் பெயர் ஒவ்வொன்றிலும் விரல் நின்று நின்று நகர்ந்தது.

தபாலறைக்காரர் பதிவேட்டைப் புரட்டிவிட்டுத் தயங்கினார். "அந்தப் பகுதிக்கு உள்ளது நேத்தே போயிடுச்சும்மா. இன்னைக்குக் காலைல பட்டுவாடா ஆகியிருக்கும்."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

பழைய வீட்டில் பகலில் தபாலை வாங்குகிறவள் மாமியார். நல்லவளா கெட்டவளா என்று பத்து வருஷத்தில் அவளால் முடிவு கட்ட முடிந்ததில்லை. மகன் கை ஓங்கும்போது அந்த அம்மாள் தடுத்ததில்லை, தூண்டிவிட்டதுமில்லை. சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிடுவாள், சத்தம் காதில் விழாமல் இருக்க. அவ்வளவுதான்.

வேறு வழியில்லை. கணக்கரின் போனை வாங்கி அழைத்தாள். நாலு தடவை மணி அடித்த பிறகு எடுத்தார்கள்.

"யாரு?"

"அத்தை, நான்தான்."

எதிர்முனையில் தட்டில் ஏதோ உரசும் சத்தம். பிறகு தூரத்தில் ஓர் ஆண் குரல். அந்தக் குரலைக் கேட்டதும் அவள் போனின் வாய்ப்பகுதியைக் கையால் பொத்தினாள்.

"ராங் நம்பர்" என்றாள் மாமியார். போன் அணைந்தது.

"இன்னைக்கு நீங்க அந்த அறையில தங்கக் கூடாது" என்றார் கணக்கர். "என் வீட்டுக்கு வாங்க. பொண்ணை முதல்ல கூட்டிட்டு வருவோம்."

கணக்கரின் பழைய காரில் பள்ளிக்குப் போனார்கள். ஏன் சீக்கிரம் என்று மகள் கேட்டாள். பதில் வராததால் மறுபடி கேட்கவில்லை. அந்தக் குழந்தைக்கு அது பழக்கம். ஆனால் மகளுடைய ஆஸ்துமா இழுப்பு மருந்து அறையில் இருந்தது. அது இல்லாமல் ஒரு ராத்திரி தாண்டாது. தெரு திரும்பும் இடத்தில் காரை நிறுத்தச் சொல்லி, மகளைக் கணக்கரோடு விட்டுவிட்டு அவள் தனியாக இறங்கினாள்.

தையல் கடை திறந்திருந்தது. இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. மாடிப்படியில் யாருமில்லை. அறைக்குள் போய்த் தாழிட்டாள். இன்ஹேலர், மகளின் துணி நாலு, சான்றிதழ் உறை. பையின் ஜிப்பை இழுக்கும்போது கீழே தையல் இயந்திரம் நின்றது.

யாரோ எதையோ கேட்டார்கள். தையல்காரர் பதில் சொன்னார். பிறகு படியில் காலடிச் சத்தம்.

மெதுவாக வந்தது. ஒவ்வொரு படியிலும் நின்று நின்று வந்தது. குடித்திருந்தால் அவன் அப்படித்தான் ஏறுவான். ஜன்னலைப் பார்த்தாள், கம்பி போட்ட ஜன்னல். கதவுக்குப் பக்கத்துச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். மூச்சு விடும் சத்தம் வெளியே கேட்குமோ என்று வாயைப் பொத்தினாள்.

கதவு தட்டப்பட்டது. மூன்று முறை, வலுவில்லாமல்.

"நான்தாம்மா."

மாமியாரின் குரல். அவளை முன்னே விட்டு அவன் பின்னே நிற்கலாம். கண்ணாடியக்கா தரையில் படுத்துக் கதவின் இடுக்கு வழியாகப் பார்த்தாள். தேய்ந்த செருப்பு போட்ட இரண்டு கால்கள். வேறு கால்கள் இல்லை. சங்கிலியை மாட்டியபடி கதவை விரலளவு திறந்தாள்.

மாமியாருக்கு இரைத்தது. முழங்கால் வலிக்காரி, அத்தனை படி ஏறியதே பெரிது. ரவிக்கைக்குள்ளிருந்து நாலாக மடித்த உறையை எடுத்து இடுக்கில் நீட்டினாள். பிரித்த உறை.

"பிரிச்சது நான்தான். அவன் பார்க்கல. நீ போன் பண்றப்ப அவன் சாப்பிட்டுட்டு இருந்தான். இது என் மடியில இருந்துச்சு."

"உள்ளே வாங்கத்தை."

"வரல. அவன் ஷிஃப்ட் முடிஞ்சு வர்றதுக்குள்ள நான் வீட்ல இருக்கணும்."

"உங்க பின்னால யாராவது வந்தாங்களா?"

"திரும்பிப் பார்க்கல" என்றாள் மாமியார். "பார்த்தா கால் நின்னுடும்னு பயமா இருந்துச்சு. சாப்பிட்டதும் வேலைக்குன்னுதான் கிளம்பினான். வேலைக்குத்தான் போனானா, தெருமுனையில நின்னானா, நான் என்னத்தைக் கண்டேன்?"

கண்ணாடியக்கா சங்கிலியை எடுத்துவிட்டுக் கிழவியின் கையைப் பிடித்தாள். ஐஸ் போல இருந்தது. "நீங்களும் வந்துடுங்க. பக்கத்துல கார் இருக்கு."

மாமியார் கையை உருவிக்கொண்டாள். "நல்லாக் கேட்டுக்கோ. தெருப் பேரு, கதவு எண் எல்லாம் நான் படிச்சுட்டேன். இப்ப எனக்குத் தெரியும். அவன் உட்கார வச்சுக் கேட்டா நான் எத்தனை நேரம் தாங்குவேன்னு எனக்கே தெரியாது. அதனால நீ இங்க இருக்காதே. எங்க போறேன்னு எனக்குச் சொல்லவும் சொல்லாதே."

"அத்தை..."

"சொல்லாதே."

வந்த மாதிரியே ஒவ்வொரு படியாக இறங்கிப் போய்விட்டாள்.

தையல் கடையின் பின்கதவு வழியாக வெளியே வந்து அவள் காருக்குள் புகுந்துகொண்டாள். கணக்கர் வண்டியை எடுத்தார். பிரதான சாலையில் சிக்னலில் நிற்கும்போது எதிரே பஸ் நிறுத்தம். கம்பத்தைப் பிடித்தபடி மாமியார் நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் நாலைந்து பேர், முகம் சரியாகத் தெரியவில்லை. அதில் ஒருவன் அவள் கணவனைப் போலவே உயரமாக, இந்தப் பக்கம் முதுகைக் காட்டி நின்றான்.

"அம்மா, அது பாட்டிதானே?"

"ஆமா."

"கூப்பிடட்டுமா?"

"வேண்டாம் கண்ணு. தலையைக் குனிஞ்சுக்கோ."

மகளின் தலையை மடியில் அழுத்திக்கொண்டு அவளும் குனிந்தாள். சிக்னல் விழ வெகுநேரம் ஆனது. கார் நகர்ந்தபோது அந்த உயரமான மனிதன் யார் என்று பார்க்க அவளுக்குத் துணிவு வரவில்லை. பஸ் நிறுத்தம் பின்னால் போய் மறைந்த பிறகும் இருவரும் நிமிரவில்லை.