சோலையம்மாள் தேடிய செம்புத் தகடு

"ஆரைக் கேட்டுச் சரின்னு சொன்ன? மைக்கப் பிடிச்சுப் பேச நீ என்ன எம்.எல்.ஏ.வா?"

பேசியது பக்கத்து வீட்டுச் சங்கிலிமுத்து. தட்டு விழுந்த சத்தத்திலேயே நான் அடுப்பை அணைத்துவிட்டேன். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். எங்கள் டிவியைவிட அந்தச் சுவரால்தான் எனக்கு உபயோகம் அதிகம்.

விஷயம் இதுதான். அவன் பெண்டாட்டி சோலையம்மாள் பத்தொன்பது வருஷமாக, நானும் வேலை பார்க்கிற பட்டாசு கம்பெனியில் வெடிமருந்து செலுத்துகிறவள். விருதுநகரில் தொழிலாளர்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு வைத்திருந்தார்கள். பேச வேண்டிய ரிட்டயர்டு ஆபீசர் இடுப்பு ஆபரேஷன் என்று படுத்துவிட்டார். சின்ன முதலாளியம்மா ஸ்ரீமதி, சோலையைக் கூப்பிட்டு நீ போய்ப் பேசு என்று சொல்லிவிட்டார். நன்றாகப் பேசினால் மருந்து அறையை விட்டு வெளியே வந்து, வகுப்பு எடுக்கிற வேலையே நிரந்தரம். சொதப்பினால் பழையபடி அதே அறை. இவளும் யோசிக்காமல் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறாள். அஞ்சாப்பு தாண்டாதவள்.

ஊர் சிரிக்கும், டீக்கடையில் தலைகாட்ட முடியாது என்று அவன் அடுக்கிக்கொண்டே போனான். அவள் குரல் ஒரு தடவைதான் கேட்டது.

"தெனமும் அந்த ரூமுக்குள்ள போகும்போது, சாயங்காலம் வீடு திரும்புவமான்னு நெனச்சுட்டுத்தான் போறேன். எனக்கு மைக்கு என்னங்க பெரிசு?"

அதற்குப் பிறகு சுவரில் சத்தமே இல்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

மகள் ஓவியா காலேஜ் படிக்கிறவள். நாலு பக்கம் எழுதிக் கொடுத்தாள். 'நிலைமின்சாரம்' என்ற இடம் வந்தால் சோலைக்கு நாக்குப் புரளாது. பத்து நாள் விடாமல் படித்தாள். எனக்கே பாதி மனப்பாடமாகிவிட்டது.

வகுப்பன்றைக்கு எங்களையும் கம்பெனி வேனில் ஏற்றிப் போனார்கள். இருநூறு பேர், முன் வரிசையில் ஆபீசர்கள். சோலை ஹால் வாசலில் செருப்பைக் கழற்றினாள். சரி. பிறகு உள்ளே வராமல், வலது கையால் கதவோரச் சுவரைத் தடவிக்கொண்டு நின்றாள்.

எங்கள் கம்பெனியில் ஒவ்வொரு அறை வாசலிலும் ஒரு செம்புத் தகடு உண்டு. உடம்பில் இருக்கிற கரண்டு தரைக்கு இறங்க, அதில் உள்ளங்கையை வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பத்தொன்பது வருஷப் பழக்கம். ஹாலில் ஏது தகடு? தடவித் தடவிப் பார்த்துவிட்டு, கடைசியில் ஜன்னல் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். மயக்கம் வருகிறதென்று நினைத்து ஒரு ஆபீசர் சோடா வாங்க ஆள் அனுப்பினார். பின்னால் இருந்த நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம்.

மேடையேறியவள் பேப்பரை விரித்தாள், பார்த்தாள், மடித்து இடுப்பில் செருகிவிட்டாள். எல்லாம் மறந்துவிட்டது என்று முகமே சொன்னது. கூடவே வந்திருந்த சங்கிலிமுத்து தலையைக் குனிந்துகொண்டான்.

"சிரிச்சவுகள்ல, நேத்து தகட்டத் தொடாம ரூமுக்குள்ள போனவுக எத்தன பேரு? கையத் தூக்குங்க."

சிரிப்பு நின்றது. முதலில் என் பக்கத்தில் இருந்த கற்பகவல்லி தூக்கினாள். அப்புறம் அங்கன ஒண்ணு, இங்கன ஒண்ணு. தீபாவளி சீசன் அவசரத்தில் யார் நின்று தொடுகிறார்கள்? நானும் பாதிக் கையைத் தூக்கினேன். முன் வரிசை திரும்பிப் பார்த்து எண்ண ஆரம்பித்தது. அதன் பிறகு ஒரு மணி நேரம் பேப்பரைத் தொடாமல் பேசினாள். எந்த அறையில் யார் எதற்கு அவசரப்பட்டார்கள், என்ன ஆனது என்று பேர் சொல்லிச் சொன்னாள். நிலைமின்சாரம் என்ற வார்த்தை கடைசி வரை வரவே இல்லை. சோடாவை ஆபீசரே குடித்தார்.

மறு மாசமே மருந்து அறையில் அவள் இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று. வெம்பக்கோட்டை, சாத்தூர் என்று சோலைக்கு வாரம் நாலு வகுப்பு. பைக்கில் கூட்டிப்போகிறவன் சங்கிலிமுத்துதான். தைரியம் கொடுத்ததே தான்தான் என்று டீக்கடையில் சொல்லிக்கொள்கிறானாம். நான் சுவரைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

தையில் ஓவியாவை அச்சாபீஸ் மெஷின்மேன் பாண்டிராஜ் கட்டிக்கொண்டு சிவகாசிக்குப் போனான். ஆவணியில் இவர்களும் விருதுநகருக்கு வீடு மாறிவிட்டார்கள். இப்போது பக்கத்து வீட்டில் ராமுத்தாயும் அவள் புருஷனும் இருக்கிறார்கள். ரொம்ப நல்ல மாதிரி. ஒரு சத்தம் கிடையாது. நான்தான் டிவி பார்த்துக்கொண்டிருக்கிறேன்.