காற்றுக்கு ஒரு முகம்

தண்ணீருக்கடியில் அந்த முகம் கிடக்கிறது, கண் இல்லாமல், நெற்றி இல்லாமல், மூக்கும் வாயும் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குழிவு மட்டுமாக, அடுக்களை ஜன்னல் வழியாக இறங்கிய வெயில் பேசினின் அடியைத் தொட்டு அதன் விளிம்பில் வளைந்து நிற்கிறது, நான் இரண்டு விரலால் மெதுவாகப் புரட்டுகிறேன், இடது மூக்கோரம் கொஞ்சம் தட்டையாகிப் போயிருக்கிறது, அவர் பெரும்பாலும் இடது பக்கம் ஒருக்களித்துப் படுப்பவர், ரப்பருக்குக்கூட ஆளின் பழக்கம் ஒட்டிக்கொள்ளும் போல, அவர் இருந்தபோது கழுவியதைப் போலவேதான் இப்போதும் கழுவுகிறேன், வாசனை இல்லாத சோப்பு, கை பொறுக்கும் வெந்நீர், தேய்க்காமல் துணியால் ஒற்றி எடுத்து நிழலில் உலர வைப்பது, யாரும் மாட்டாத மாஸ்க்கில் அப்படி என்ன அழுக்கு இருக்கிறது என்று இதுவரை யாரும் கேட்டதில்லை, இன்று கேட்கக்கூடும், அய்யம்பெருமாள் வருகிறான், அவருடைய தம்பி, உப்பு லாரி ஓட்டுகிறவன், பட்டப்பகலில் பைபாஸில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே தூங்கிப்போய் வண்டியை நடுத்திட்டில் ஏற்றி நிறுத்தியவன், உப்பு மூட்டைகள் சரிந்ததோடு போயிற்று, அடுத்த முறையும் அதோடு போகும் என்று யார் சொல்வது, டாக்டர் பார்த்துவிட்டு அண்ணனுக்கு இருந்த அதே கோளாறுதான் என்றாராம், தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நின்று நின்று வருவது, மூச்சு சரியாகாமல் வண்டி கிடையாது என்று முதலாளியும் சொல்லிவிட்டார், தூக்கத்தில் தொண்டை அடைக்காமல் மூக்கு வழியே காற்றைத் தள்ளுகிற மெசின் அண்ணன் வீட்டில்தான் சும்மா கிடக்கிறதே என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் நினைக்கிறார்கள், வாய்விட்டும் சொல்கிறார்கள், அது சும்மா கிடக்கவில்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அது ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, விளக்கை அணைத்ததும் அவர் தலையணையில் மாஸ்க்கை வைத்துவிட்டு நான் மெசினைப் போடுகிறேன், முகத்திலிருந்து கழன்றுவிட்டது என்று அது கத்தாமலிருக்க அந்த எச்சரிக்கையை அணைத்து வைத்திருக்கிறேன், தண்ணீர் டப்பாவில் கோடு வரைக்கும் தண்ணீர், இளஞ்சூடான ஈரக்காற்று அவர் பக்கத்திலிருந்து வந்து என் கழுத்தைத் தொடுகிறது, அந்தச் சத்தத்தில் தூங்கிப் பழகிய உடம்பு இது, கருமாதி முடிந்து உறவெல்லாம் போன பிறகு சத்தமில்லாத அறையில் கண்ணை மூடவே முடியவில்லை, ஒருநாள் சும்மா தட்டிவிட்டுப் பார்த்தேன், காற்று வந்தது, அவர் மூச்சு விடுகிறார் என்று நான் நினைக்கவில்லை, அந்த அளவுக்கு எனக்குப் புத்தி கெட்டுவிடவில்லை, ஆனால் நினைக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே தூங்கிவிடுகிறேன், இதை அய்யம்பெருமாளிடம் எப்படிச் சொல்வது, தம்பி, உனக்கு மூச்சு வேண்டும், எனக்குத் தூக்கம் வேண்டும் என்றா.

மெசினை வாங்குவது ஒரு வேலையே இல்லை, அதை முகத்தோடு சேர்ப்பதுதான் வேலை என்று பாளையங்கோட்டைக் கடையில் அந்தப் பையன் சொன்னான், அவர் மூக்கின் மேல் ஓட்டை ஓட்டையாய் வெட்டிய ஓர் அட்டையை வைத்து அளந்தான், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், மாடி உயரத்தில் கூண்டுக்குள் உட்கார்ந்து கப்பலிலிருந்து பெட்டி தூக்குகிறவர், மூக்கை அளக்கக் கொடுத்துவிட்டுக் கூச்சத்தோடு என்னைப் பார்க்கிறார், என்னட்டி பாக்க, சட்டைக்கு அளவு எடுக்கான்னு நெனச்சுக்கோ என்கிறார், மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுவதை முதலில் மாட்டிப் பார்த்தார், உடனே கழற்றிவிட்டார், எம்மாடி, கிணத்துக்குள்ள தலைய விட்ட மாரி இருக்கு, அப்புறம் மூக்கை மட்டும் மூடுகிற சின்னது, அது பிடித்துப்போயிற்று, வீட்டுக்கு வந்து படுத்தால் தூக்கத்தில் வாய் திறந்துகொள்கிறது, மூக்கு வழியாகப் போன காற்றெல்லாம் வாய் வழியாக வெளியே வந்து ஊளையிடுகிறது, மறுபடி கடைக்குப் போனோம், பையன் ஒரு பட்டியை எடுத்து நீட்டினான், முகவாய்க்கு அடியில் கொடுத்து உச்சந்தலையில் ஒட்டிவிட்டால் வாய் திறக்காதாம், அந்தப் பட்டியில் எனக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை, வியாதிக்கு உள்ள சாமான் என்று கண் பழகிவிட்டால் வேறொன்றாகப் பார்க்க வராது.

பார்த்தது அவரைப் பெற்ற என் அத்தைதான், உடன்குடியிலிருந்து முதல் பஸ்ஸில் கருப்பட்டிப் பெட்டியோடு வந்து இறங்குகிறார்கள், இரவு ஷிப்ட் முடிந்து வந்தவர் முன்னறையில் கோரைப் பாய் விரித்து மல்லாந்து தூங்குகிறார், இப்போதும் அந்தக் கோலம் கண்ணுக்குள் இருக்கிறது, கை இரண்டும் வயிற்றின் மேல், மூக்கில் குழாய், தாடையை இழுத்து உச்சியில் கட்டிய வெள்ளைப் பட்டி, நான் பின்னால் துணி பிழிந்துகொண்டிருந்தேன், ஓவென்று ஒரு சத்தம், எய்யா, என்னப் பெத்த ராசா, எனக்கு ஒரு வார்த்த சொல்லி விடலியே, நாடிக்கட்டு கட்டிப் போட்டுருக்காளே, செத்தவர்களுக்குத்தான் வாய் திறக்காமல் தாடையை அப்படிக் கட்டுவார்கள், கருப்பட்டி உருண்டு ஓடுகிறது, எதிர்வீட்டுக் கோமதி எதையும் கேட்காமல் கொண்டையை அவிழ்த்துக்கொண்டே ஓடி வந்து அத்தையின் தோளைக் கட்டிக்கொண்டு அவளும் அழ ஆரம்பிக்கிறாள், நான் ஈரக்கையோடு வந்து நிற்கிறேன், அத்தே அத்தே என்கிறேன், யாரும் கேட்கிற நிலையில் இல்லை, சத்தத்தில் அவர் விழித்துவிட்டார், எழுந்து உட்கார்ந்தார், தாடையைத்தான் கட்டியிருக்கிறதே, ம்ம், ம்ம்ம் என்கிறார், கோமதி அலறிக்கொண்டு தெருவுக்கே போய்விட்டாள், அவர் பட்டியைப் பிய்த்து எறிந்துவிட்டு, எம்மா, இப்பத்தான் கண்ணசந்தேன், அதுக்குள்ள என்னத் தூக்கிட்டுப் போவப் பாக்கியே என்றார், அத்தை ஓங்கி அவர் முதுகில் ஓர் அடி வைத்தார்கள், அடித்த கையாலேயே முதுகைத் தடவினார்கள், பிறகு அந்தப் பட்டியை இரண்டு விரலால் எலியைத் தூக்குவதுபோலத் தூக்கி, இந்தக் கட்டு இனிமே எம்பிள்ள தலையில ஏறக்கூடாது, சொல்லிட்டேன் என்று குப்பையில் போட்டார்கள், அப்படித்தான் அந்தப் பெரிய மாஸ்க் வீட்டுக்கு வந்தது, கிணற்றுக்குள் தலையை விட்டது போன்றது, மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுவது, வாய் திறந்தாலும் பாதகமில்லை, அவரும் பழகிக்கொண்டார், ஒரு வாரத்தில் ஸ்டவ் பக்கத்தில் வந்து நின்று, ஏட்டி, கனாக் கண்டேன்ட்டி, எத்தன வருசமாச்சு கனாக் கண்டு என்றார், அந்த முகத்தில் அத்தனை தெளிச்சி.

பிறகு எல்லாம் என் கைக்கு வந்து சேர்ந்தது, எங்கள் ஊர்த் தண்ணீரை டப்பாவில் ஊற்றினால் அடியில் வெள்ளையாய்ப் பூத்துவிடும், உப்பு விளைகிற ஊரில் குழாயில் மட்டும் இளநீரா வரும், காய்ச்சி வடித்த தண்ணீர்தான் ஊற்ற வேண்டும் என்று கேள்விப்பட்ட அய்யம்பெருமாள் மறுநாளே ஒரு கேனோடு வந்துவிட்டான், இந்தாங்க மைனி, வடிச்ச தண்ணி, நம்ம லாரி பேட்டரிக்கு ஊத்துததுதான், ஏலே, ஒங்கண்ணன என்ன டார்ச் லைட்டுன்னு நெனச்சியா என்று அவர் சிரித்த சிரிப்பு, நான் அந்தக் கேனை இஸ்திரிப் பெட்டிக்கு வைத்துக்கொண்டு மருந்துக்கடைத் தண்ணீரைத்தான் வாங்கினேன், காலையில் மிச்சத் தண்ணீரைக் கொட்டி டப்பாவைக் கவிழ்த்து வைப்பது, குழாயைக் கழுவிக் கொடியில் தொங்கவிட்டு உள்ளே இருக்கிற துளியெல்லாம் வடிய விடுவது, காற்று போகிற வழியில் இருக்கும் வடிதுணி கறுத்ததும் மாற்றுவது, துறைமுகத்து நிலக்கரித் தூசி அதில் படிந்திருப்பதைப் பார்க்கும்போது இதெல்லாம் அவர் நெஞ்சுக்குள் போயிருக்குமே என்று எடுத்துக் காட்டுவேன், கிரேன்ல ஏறி ஒக்காந்தா இதுக்கு மேல போவும்ட்டி என்பார், வார் தளர்ந்தால் புது வார், விளிம்பு பதம் கெட்டால் புது விளிம்பு, ஒரு பிள்ளையை வளர்க்கிற மாதிரி, இல்லை, அப்படிச் சொல்லக்கூடாது, பிள்ளை வளர்ந்து போய்விடும், இது தினமும் அதே காலையில்தான் நிற்கும், நின்றது, அடைமழையில் வந்த காய்ச்சல் நெஞ்சில் இறங்கும் வரை.

கழுவித் துடைத்து ஒரு துண்டில் சுற்றி அந்த மாஸ்க்கை நான் ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோனேன், அது இல்லாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது சிஸ்டர் என்றேன், உள்ள வேற மெசின் இருக்கும்மா, இத வீட்டுக்குக் கொண்டு போங்க என்றாள், கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவர் முகத்தில் வேறொரு மாஸ்க், யாரோ அவசரத்தில் மாட்டியது, ஒரு வார் காதின் மேல் மடங்கிக் கிடந்தது, அதை மட்டும் சரிசெய்துவிட்டு வரட்டுமா என்று கேட்டேன், விட்டார்கள், சரிசெய்தேன், அவர் கண்ணால் என்னைப் பார்த்தார், அதுதான், அவ்வளவுதான், மறுநாள் முன்னறையில் அதே இடத்தில் கோரைப் பாய், தெருக்காரர்கள் வேட்டியைக் கிழித்து நாடிக்கட்டு கட்டுகிறார்கள், அத்தை அழவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து அந்த முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, யய்யா, கொஞ்சம் தளத்திக் கட்டுங்கய்யா, எந்திரிச்சான்னா பேச முடியாம முழிப்பான் என்றார்கள், கட்டிக்கொண்டிருந்தவர் கை நின்றுபோயிற்று, தளர்த்தித்தான் கட்டினார்.

வாசலில் பைக் நிற்கிற சத்தம், அய்யம்பெருமாள் பெண்டாட்டி சண்முகக்கனி முன்னால் உட்கார்ந்து ஓட்டி வந்திருக்கிறாள், அவன் பின்னாலிருந்து இறங்கிக் கண்ணைத் தேய்க்கிறான், மைனி, நா ஒண்ணும் கேக்க வரல, இவதான் இழுத்துட்டு வந்தா என்கிறான், ஆமாக்கா, நாந்தான் இழுத்துட்டு வந்தேன், எம்முதுகுல சாஞ்சு குறட்ட விடுதாரு, சிக்னல்ல நிக்கவன்லாம் திரும்பித் திரும்பிப் பாக்கான், இத வச்சுட்டு நா என்னன்னு வாழ, சிரித்துக்கொண்டே சொல்கிறாள், சிரிப்பு உதட்டில் நிற்கவில்லை, கையில் ஒரு பை, அதற்குள் புது மாஸ்க், புது வார், அடுத்தவர் முகத்தில் இருந்தது ஆகாது என்று டாக்டர் சொன்னதால் வாங்கியது, மெசின் ஆளுக்குத் தகுந்தபடி தானே கூட்டிக் குறைத்துக்கொள்வதால் அண்ணனுடையதே போதும் என்று எழுதியும் கொடுத்திருக்கிறார், நான் படுக்கையறைக்குக் கூட்டிப்போனேன், கனி மெசினைப் பார்த்தாள், ராத்திரிக்கென்று நிரப்பி வைத்திருந்த தண்ணீர் டப்பாவைப் பார்த்தாள், அவர் தலையணையில் வட்டமாகப் பதிந்திருந்த குழியைப் பார்த்தாள், அக்கா, தண்ணி ஊத்தி வச்சிருக்கீகளே என்றாள், ஆமா என்றேன், தெனமும் போடுதேன், சத்தம் இல்லாட்டி எனக்குத் தூக்கம் வரல்ல, சொல்லி முடித்ததும் அவள் அந்தப் பையைச் சேலைக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள், அப்ப இது இங்கனயே இருக்கட்டும்க்கா, நாங்க வேற வழி பாப்போம், அய்யம்பெருமாள் கதவோரத்தில் நின்று தரையைப் பார்க்கிறான், நிற்கும்போதே அவன் இமை சரிகிறது, தலை ஒருமுறை தொங்கித் திடுக்கென்று நிமிர்கிறது.

மொதல்ல போட்டுப் பாப்போம், படு தம்பி என்றேன், அவரது பக்கத்தில் படுக்கக் கூசினான், படுலே என்றேன், நான் அவனை அப்படிச் சொன்னதே இல்லை, படுத்தான், புது மாஸ்க்கை எடுத்து மூக்கும் வாயும் மூடப் பொருத்திக் குழாயை மாட்டி மெசினைப் போட்டு வாரைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோனேன், கனி இழுத்து இறுக்கப் பார்த்தாள், இறுக்காத, இறுக்குனா காத்து நிக்காது, தழும்புதான் மிஞ்சும், படுத்தப்புறம்தான் வாரச் சரிபண்ணணும், ஒக்காந்துட்டுப் பண்ணுனா முகம் வேற மாரி இருக்கும் என்றேன், மைனி, கண்ணுக்குள்ள காத்து ஏறுது என்று உள்ளேயிருந்து கேட்டது, ஒன் மீச மேல ஏறி ஒக்காந்துருக்கு, இரு, விளிம்பைக் கொஞ்சம் தூக்கி மறுபடி உட்கார வைத்தேன், அது அவன் கன்னத்தில் பதிந்து ஒட்டிக்கொண்டது, அப்போதுதான் சத்தம் மாறியது.

நான் கேட்டுக்கொண்டிருந்த சத்தம் நின்றுபோனது, அந்த நீளமான, ஏற்றமும் இறக்கமும் இல்லாத ஸ்ஸ் என்ற சத்தம், இத்தனை மாதமாக அதைத்தான் காதில் வைத்துக்கொண்டு தூங்கினேன், அது காற்று வெளியே ஒழுகுகிற சத்தம், முகம் கிடைக்காத காற்று, இப்போது அது தாழ்ந்து, உள்ளே போய், ஒரு நொடி தங்கி, திரும்பி வருகிறது, போகிறது, வருகிறது, அவர் இருந்தபோது இந்த அறை இப்படித்தான் இருந்தது, நான் மறந்தே போயிருக்கிறேன், வேறொன்றை வைத்துக்கொண்டு அதுதான் இது என்று இருந்திருக்கிறேன், அய்யம்பெருமாள் தூங்கிவிட்டான், பட்டப்பகலில், அண்ணன் தலையணையில், எங்கள் இரண்டு பேர் முன்னாலும், கொஞ்சமும் வெட்கமில்லாமல், குறட்டை இல்லாமல், கனி வாயைப் பொத்திக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள், அக்கா, அப்ப ஒங்களுக்கு என்று தொடங்கினாள், காலையில எந்திரிச்சதும் மிச்சத் தண்ணியக் கொட்டிரணும், மேல ஊத்தி ஊத்தி வைக்கக்கூடாது, மாஸ்க்க வெயில்ல போட்டுராத என்றேன், அவள் தலையை ஆட்டினாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு சரிக்கா என்றாள், நான் குனிந்து பார்த்தேன், தெளிந்த பிளாஸ்டிக்குக்குள்ளே மெல்லிய வெள்ளையாய் ஒரு மூட்டம் படிந்தது, அவன் உள்ளே இழுத்ததும் கலைந்தது, மறுபடி படிந்தது, அது கலைகிற ஒவ்வொரு முறையும் உள்ளே ஒரு முகம் இருந்தது.